வைரஸ் போன பிறகும் கல்லீரலில் கொழுப்பு ஏன்?

கேள்வி: எனக்கு வயது 52. ஹெபடைடிஸ் சி-க்கு 12 வாரம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானேன். இரண்டு வருடத்தில் எடை 6 கிலோ கூடி 84 ஆகிவிட்டது. இப்போது ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் என்கிறார்கள். ஏ.எல்.டி. (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் என்சைம்) 58. கெட்ட கொலஸ்ட்ராலும் ஏறியிருக்கிறது. வைரஸ் திரும்பிவிட்டதா? மாத்திரைதான் காரணமா?

பதில்: மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த, ரத்தத்தில் வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனையில் வைரஸ் இல்லை என்று வந்திருந்தால், பழைய தொற்று மறுபடி தலைதூக்குவது மிக அரிது. புதிதாகத் தொற்றினால்தான் உண்டு. ஏ.எல்.டி. ஏறியிருப்பதால் ஒருமுறை ஆர்.என்.ஏ. பார்த்துவிடுங்கள். ஆன்டிபாடி பரிசோதனை வேண்டாம். குணமான பிறகும் அது பல வருடங்கள் பாசிட்டிவ் என்றே காட்டும், வீணாகப் பயந்துபோவீர்கள்.

மாத்திரை மேல் பழி போட வேண்டியதில்லை. கல்லீரல் கொழுப்பை ரத்தத்துக்கு அனுப்பும் வழியைத்தான் இந்த வைரஸும் பயன்படுத்திக்கொள்கிறது. அதனால் தொற்று இருந்தவரை கெட்ட கொலஸ்ட்ரால் (எல்.டி.எல்.) குறைவாகத் தெரிந்திருக்கும். வைரஸ் போனதும் உங்கள் உண்மையான அளவு வெளியே வருகிறது. மருத்துவர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எழுதிக்கொடுத்தால், கல்லீரலில் கொழுப்பு இருக்கிறதே என்று தயங்காமல் சாப்பிடுங்கள்.

கல்லீரல் கொழுப்புக்கு என் முதல் சந்தேகம் அந்த 6 கிலோ மேல்தான். அதை இறக்கினாலே உடல் எடையில் 7 சதவீதம் குறைந்துவிடும். 5 சதவீதத்திலேயே கொழுப்பு கரையத் தொடங்கும். 7 முதல் 10 வரை போனால் அழற்சியும் தணியும். அவசரப்படாமல் மாதத்துக்கு ஒரு கிலோ போதும். வாரம் 150 நிமிடம் வேகநடை, இனிப்பு பானங்களுக்கு முழுக்கு. மது அறவே கூடாது. மூன்று மாத சர்க்கரை அளவையும் (எச்.பி.ஏ.1.சி.) பாருங்கள். வைரஸ் போனதும் சிலருக்குச் சர்க்கரை இறங்கும், எடை கூடினால் அது மறுபடி ஏறிவிடும்.

சரி, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம்: சிகிச்சைக்கு முன் உங்கள் கல்லீரலில் தழும்பு எந்த அளவில் இருந்தது? எஃப்3 (கடுமையான தழும்பு), எஃப்4 (சிரோசிஸ்) என்று இருந்திருந்தால், வைரஸ் போனாலும் கல்லீரல் புற்றுநோய்க்கான ஆபத்து முழுசாகப் போகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் கட்டாயம். இப்போது கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் எண் நன்றாகக் குறைந்திருந்தாலும் இதை நிறுத்தக் கூடாது. அழற்சி அடங்கினாலே அந்த எண் இறங்கிவிடும், தழும்பு அப்படியே இருக்கலாம். அந்தப் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் சிகிச்சை எடுத்த இடத்திலேயே நகல் கேட்டு வாங்கி, கல்லீரல் மருத்துவரிடம் காட்டுங்கள்.