கிட்னி மாற்றிய பிறகு மனசு: கேள்வி பதில்

கோலாலம்பூரில் சிறுநீரக மாற்று வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளில் சில.

செந்தூல் தங்கை: அக்கா, வீட்டுக்காரருக்குக் கிட்னி மாற்றி 6 வாரம். டயாலிசிஸ் விட்டதென்று சந்தோஷப்பட்டோம். இப்போது எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், விடிய விடியத் தூக்கமில்லை.

குணம் மாறிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், தங்கச்சி. உடம்பு புதுக் கிட்னியை ஒதுக்காமல் இருக்கக் கொடுக்கும் பிரெட்னிசோலோன் தூக்கத்தைக் கெடுக்கும், கோபத்தையும் அழுகையையும் கிளப்பும். ஆரம்பத்தில் டோஸ் அதிகம். போகப் போகக் குறைப்பார்கள், பலருக்கு மனசும் அடங்கும். பொதுவாகக் காலையில் பசியாறியதும் போடச் சொல்வார்கள். அதே வேலைக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான டாக்ரோலிமஸ் கை நடுக்கம் தரும். தேத்தண்ணி கிளாஸ் ஆடுவதைக் கண்டே பயந்துபோனவர்கள் உண்டு. டாக்டர் கேட்டால் ஆண்கள் "எல்லாம் ஓகே" என்று எழுந்து வந்துவிடுவார்கள். நடந்ததைத் தாளில் எழுதிக்கொண்டு நீங்களும் கிளினிக்குக்குப் போங்கள். மருந்தை நீங்களாகக் குறைக்கவே கூடாது.

கிள்ளான் தம்பி: கிட்னி கொடுத்தது என் அக்கா. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை அளவான கிரியாட்டினின் கொஞ்சம் ஏறினாலும் அவர் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது.

தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் ஏறும், கிருமித் தொற்றிலும் ஏறும். அது நன்றிகெட்டதனம் இல்லை, தம்பி. இந்தப் பயத்தை அக்காவிடமே சொல்லுங்கள், அவர் எப்படி இருக்கிறார் என்றும் கேளுங்கள். சொந்தபந்தம் எல்லாம் கிட்னி பெற்றவர் கட்டிலைச் சுற்றி நிற்கும்; கொடுத்தவர் வயிற்றில் தையலோடு தனியாகப் படுத்திருப்பார். எனக்கு இன்றும் ஆறாத ஆதங்கம் இது. அவருக்கும் வருடா வருடம் பரிசோதனை வேண்டும்.

பத்துமலை அண்ணன்: மனச்சோர்வுக்கு மூலிகை மாத்திரை போடலாமா?

வேண்டாம் அண்ணே. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை டாக்ரோலிமஸ் அளவை இரத்தத்தில் இறக்கிவிடும், கிட்னியே போகலாம். சீனப் பெருநாளுக்கு வரும் பம்ளிமாஸ் அதை ஏற்றிவிடும்.

கெப்போங் அம்மா: செத்துவிடலாம் போலிருக்கிறது என்கிறான் மகன். கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள்.

கோயிலுக்குப் பிறகு போகலாம் அம்மா, இன்றைக்கே டாக்டரிடம் போங்கள். தனியாக விடாதீர்கள். மாத்திரைகளை உங்கள் கையில் வைத்து வேளைக்கு நீங்களே கொடுங்கள். சாக நினைக்கிறாயா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் (ஹீல்) 15555, ஆபத்தென்றால் 999. மனநல மருத்துவரிடம் மருந்துச் சீட்டு முழுவதையும் காட்டுங்கள். மனச்சோர்வு மருந்துகளில் சில டாக்ரோலிமஸோடு ஒத்துப்போகாது, அதைப் பார்த்துத்தான் அவர் எழுதித் தர வேண்டும்.