டெலிவரி ஓட்டும் மகனும் பாலிடெக்னிக் படிப்பும்: பட்டர்வொர்த் தாய்க்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா.

எஸ்பிஎம் (மலேசியாவில் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) முடித்த மகன் பகலில் உணவு டெலிவரி ஓட்டுகிறான், இரவில் வீடியோ எடிட்டிங் பழகுகிறான், பாலிடெக்னிக் என்றாலே "இப்பவே மாசம் 2,800 ரிங்கிட் வருது, எதுக்கும்மா மூணு வருஷம்?" என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரே தொழிற்சாலையில் பல காலம் உழைத்தவர். அவன் செய்வது உங்களுக்கு வேலையாகவே தெரியாததில் ஆச்சரியமில்லை.

ஆனால் அதுவும் உழைப்புதான். மழையில் நனைந்து வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் "ஒழுங்கா ஒரு வேலைக்குப் போ" என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பதிலாக அவனோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

அந்த 2,800-இல் பெட்ரோல், மோட்டார் தவணை, டயர், போன் டேட்டா எல்லாம் அவன் கைக்காசு. மாதம் 2,500 ரிங்கிட் சம்பளத்தில் இருப்பவருக்கு முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு ஊழியர் சேமநிதியில் கட்ட வேண்டும். அது மாதம் 325 ரிங்கிட், வருஷத்துக்கு 3,900. இது சம்பளத்துக்கு மேல் வருகிற பணம். அதோடு குறைந்தது 8 நாள் ஆண்டு விடுப்பு, 14 நாள் மருத்துவ விடுப்பு, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி. டெலிவரி ஓட்டும் உங்கள் மகனுக்கோ காய்ச்சல் வந்தால் அன்றைக்கு வருமானமே இல்லை. இதையெல்லாம் அவனே தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்கட்டும். நீங்கள் சொல்வதைவிட அவன் கையால் போட்ட கணக்கை அவன் நம்புவான்.

ஓட்டுகிற வரைக்கும் பாதுகாப்பு இருக்க வேண்டும். சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ திட்டம் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. வேலை நேரத்தில் விபத்து நடந்தால் சிகிச்சைக்கும் ஓரளவு வருமானத்துக்கும் அதில் வழி உண்டு. அவன் பெயர் அதில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். சேமநிதியில் ஐ-சாரான் என்ற திட்டமும் இருக்கிறது. அதில் பதிந்து தானாகக் கட்டும் பணத்துக்கு அரசாங்கம் 20 விழுக்காடு, வருஷத்துக்கு அதிகபட்சம் 500 ரிங்கிட் சேர்த்துப் போடுகிறது. செயலி வழி வேலை செய்வோர் போன்ற கிக் தொழிலாளர்களுக்கான மசோதா 2025 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது நல்ல செய்திதான். ஆனால் சட்டம் வந்துவிட்டது என்று நாம் சும்மா இருந்துவிடக் கூடாது.

பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. இந்த வருஷம் செய்யும் வேலை அடுத்த வருஷம் அவன் மதிப்பை உயர்த்துமா? டெலிவரியில் மூன்றாம் வருஷமும் அதே பயணம்தான், கட்டணத்தைச் செயலி முடிவு செய்யும். வீடியோ எடிட்டிங் அப்படியில்லை, கை தேறத் தேற மதிப்பு கூடும். ஆனாலும் வெட்டி ஒட்டுவது, வசன வரி போடுவது போன்ற எளிய வேலைகளை ஏஐ கருவிகள் இப்போதே செய்கின்றன. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் வாடிக்கையாளரிடம் பேசி, அவருக்கு என்ன வேண்டும் என்று புரிந்து, கதையாகக் கோக்கத் தெரிந்தவன்தான் நிற்பான். உங்கள் மகனுக்கு அந்த ஆர்வம் உண்மையாகவே இருந்தால் அதை விடச் சொல்லாதீர்கள்.

பினாங்கில் இருப்பதே அவனுக்கு ஒரு பெரிய வாய்ப்பு. 1972-இல் இன்டெல் இங்கே வந்த காலத்தில் கைகளால் செய்த வேலையில் பெரும்பகுதியை இன்று இயந்திரம் செய்கிறது. இது உங்கள் கண்முன்னே நடந்த மாற்றம். அந்த இயந்திரத்தைப் பழுது பார்க்க, அது திரையில் காட்டும் எண்களைப் படித்து எங்கே கோளாறு என்று சொல்ல ஆள் வேண்டும். 2024-இல் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் (மின்னணுச் சில்லு) திட்டத்தில் 60,000 பொறியாளர்களைத் தயார் செய்வதாக அரசாங்கம் சொல்லியிருக்கிறது. பெர்மாத்தாங் பாவில் உள்ள செபராங் பிறை பாலிடெக்னிக், 1989 முதல் நடக்கும் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் இரண்டும் அந்தப் பக்கம் போகும் வழிகள். உங்கள் வீட்டிலிருந்து தூரமும் இல்லை.

"அப்ப என் நேரம் என் கையில இருக்காதே" என்பான். அது நியாயமான கேள்வி. 2023 ஜனவரி முதல், வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்தில் கேட்கலாம், முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும் என்று வேலைச் சட்டம் சொல்கிறது. ஆனால் இயந்திரத்தோடு நிற்கும் டெக்னீஷியன் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாது, ஷிப்ட் இருக்கும். இதை அவனிடம் மறைக்காதீர்கள்.

இன்னொன்று, இணையத்தில் வேலை தேடும் பிள்ளைகளைக் குறிவைத்து டெலிகிராமில் மோசடி நடக்கிறது. வேலைக்கு முன்பணம் கேட்டாலோ, வெளிநாட்டில் இருமடங்குச் சம்பளம் என்று அவசரப்படுத்தினாலோ விலகிவிட வேண்டும். பணம் போய்விட்டால் உடனே தேசிய மோசடிப் பதிலளிப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

என் யோசனை இது: பாலிடெக்னிக்குக்கு யூபியூ என்ற அரசாங்க விண்ணப்பத் தளம் வழியாக விண்ணப்பிக்கட்டும். எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல், தகவல் தொழில்நுட்பம், எதில் சேர்வது என்று அவனே தேர்ந்தெடுக்கட்டும். டெலிவரியைச் சனி, ஞாயிறுக்கு மாற்றிக்கொள்ளலாம். எடிட்டிங்கில் இதுவரை செய்ததில் நல்லதாக நாலைந்தை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள், படிக்கும்போதே சின்ன வேலைகள் அதை வைத்துக் கிடைக்கும். விண்ணப்பம் போடும் முன் அவனையும் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வாருங்கள். எஸ்பிஎம் முடிவுத்தாளையும் அந்தக் கணக்குத்தாளையும் எடுத்து வாருங்கள்.