ஆமைக்குட்டி கண்ணாடியை முட்டிக்கொண்டே இருந்தால்

ஜன்னலோரம் கண்ணாடித் தொட்டியில் விட்ட நில ஆமைக்குட்டி நாள் முழுக்கச் சுவரை முட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பாவம், அதற்குக் கண்ணாடி என்று ஒன்று இருப்பதே புரியாது. தொட்டியின் வெளிப்பக்கம் ஒரு சாண் உயரத்துக்குக் காகிதம் ஒட்டுங்கள்.

முதலில் ஜன்னலைவிட்டு நகர்த்துங்கள். வெயிலில் தொட்டி அடுப்பாகிவிடும். ஓடு உறுதிப்பட வேண்டிய, வெயிலில் உள்ள யுவிபி என்ற புற ஊதாக் கதிரையும் ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும். அதனால் யுவிபி விளக்கு கட்டாயம், பகலில் 12 மணி நேரம், இரவில் இருட்டு. சூடு தரும் விளக்கின் அடியில் 32–35 டிகிரி செல்சியஸ், எதிர் மூலை குளிர்ச்சியாக.

அப்புறம், தரை. தேங்காய் நார்த்தூளும் மண்ணும் கலந்து லேசான ஈரத்தோடு பரப்புங்கள். காய்ந்த இடத்தில் வளர்ந்தால் ஓடு மேடுமேடாகும். ஒளிய ஓர் இடம், ஆழமில்லாத தண்ணீர்த் தட்டு, சரி, இவ்வளவுதான்.