பேக் அம்புக்குறியும் முகவரிப் பட்டையும்: உங்கள் கேள்விகள்

கே: தெரியாமல் ஒரு டேபை மூடிவிட்டேன். திரும்பக் கிடைக்குமா?

ப: கிடைக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், டி (T) மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். இன்னொரு முறை அழுத்தினால் அதற்கு முன் மூடியதும் வரும். குரோமில் இன்காக்னிட்டோவில் (ஹிஸ்டரி சேமிக்காத ஜன்னல்) மூடியது மட்டும் வராது.

கே: பேக் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் அதே பக்கத்தில் நிற்கிறது.

ப: நடுவில் ஒரு பக்கம் உங்களைத் தானாக முன்னால் தள்ளிவிடுகிறது, அதனால் பின்னால் போனதும் திரும்ப அங்கேயே வந்து விழுகிறீர்கள். கம்ப்யூட்டரில் பேக் அம்புக்குறியை அழுத்திப் பிடியுங்கள், இதுவரை பார்த்த பக்கங்கள் பட்டியலாக வரும், இரண்டு படி தாண்டி கிளிக் செய்யுங்கள். ஆனால் பணம் கட்டும் பக்கத்தில் பேக்கையும் தொடாதீர்கள், ரிஃப்ரெஷையும் தொடாதீர்கள்.

கே: பிரவுசர் வேலை செய்யவில்லை. உடனே பதில் தேவை.

ப: எந்த பிரவுசர், மொபைலா கம்ப்யூட்டரா, திரையில் என்ன எழுதியிருக்கிறது? ஒன்றையும் சொல்லாமல் உடனே பதில் கேட்டால் எப்படி? விவரத்தோடு எழுதுங்கள்.

கே: வங்கித் தளத்துக்குப் போக ஒவ்வொரு முறையும் பெயரைத் தேடி, முதலில் வருவதைக் கிளிக் செய்கிறேன். சுருக்கு வழி உண்டா?

ப: சுருக்கு வழி இருக்கட்டும், முதலில் இந்தப் பழக்கத்தை விடுங்கள். எத்தனை தடவை எழுதினாலும் இந்தக் கேள்வி வந்துகொண்டேதான் இருக்கிறது. தேடலில் மேலே வருவது பல நேரம் விளம்பரம், அதைக் காசு கொடுத்தால் யாரும் போடலாம், மோசடிக்காரரும் போடலாம். வங்கி கொடுத்த தாளைப் பார்த்து முகவரியை முகவரிப் பட்டையில் எழுத்து எழுத்தாக அடியுங்கள் (கன்ட்ரோல் எல் அழுத்தினால் கர்சர் நேராக அங்கே போகும்), பக்கம் வந்ததும் கன்ட்ரோல் டி (D) அழுத்தி புக்மார்க் செய்யுங்கள், அப்புறம் எப்போதும் அது வழியாகவே போங்கள். முகவரியின் தொடக்கத்தில் வங்கிப் பெயர் இருந்தால் மட்டும் போதாது. முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் (/) சற்று முன்னால் என்ன பெயர் இருக்கிறதோ, தளம் அவருடையது. பூட்டுப் படத்தையும் நம்பாதீர்கள், வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதைத்தான் அது சொல்லும், திருடன் தளத்துக்கும் பூட்டு கிடைக்கும். இந்தக் குழப்பத்தால்தான் குரோம் 2023இல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

கே: ஹிஸ்டரியை அழித்தால் பாஸ்வேர்டும் போய்விடுமா?

ப: அதற்கும் டிக் வைத்தால்தான் போகும். குக்கீஸில் (தளங்கள் உங்களை நினைவில் வைக்க பிரவுசரில் சேமிக்கும் குறிப்புகள்) டிக் இருந்தால் பெரும்பாலான தளங்களில் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும், அழிக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: ரிஃப்ரெஷ் செய்தும் பழைய பக்கமே வருகிறது.

ப: விண்டோஸில் கன்ட்ரோல் எஃப்5. சேமித்து வைத்ததை விட்டுவிட்டுப் புதிதாக எடுத்து வரும். படிவம் பாதி நிரப்பியிருந்தால் வேண்டாம், பணம் கட்டும் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.