ஆஃப்பாயில் மட்டும் கொஞ்ச நாள் வேண்டாம்

கேள்வி: ஆலப்புழை வாத்துகளுக்குப் பறவைக்காய்ச்சல் என்கிறார்கள். எங்கள் வீட்டில் ஆறு நாட்டுக்கோழிகள் இருக்கின்றன. கறி, முட்டையை நிறுத்த வேண்டுமா டாக்டர்?
– வாசகி, கம்பம்

பதில்: வேண்டாம்மா. நன்றாக வெந்தால் போதும், 70 டிகிரி சூட்டில் இந்த வைரஸ் செத்துவிடும். ஆஃப்பாயிலை மட்டும் தள்ளி வையுங்கள். (எனக்கும் பிடித்ததுதான், என்ன செய்ய!)

கவனிக்க வேண்டியது கொல்லையைத்தான். ஆலப்புழைப் பக்கம் குட்டநாட்டில் அறுவடை முடிந்த வயலில் வாத்துகளை மேய விடுவார்கள். அதே தண்ணீரில் வலசைப் பறவைகளும் இறங்கும். அவற்றின் எச்சத்தில் வைரஸ் வரலாம். வாத்து சில சமயம் வெளியே எதையும் காட்டாமல் சுமக்கும். கோழியோ கொண்டை நீலம் பாரித்து, ஓரிரு நாளில் சாய்ந்துவிடும். முட்டை அட்டை, வண்டிச் சக்கரம், நம் செருப்புகூட எச்சத்தைக் கொண்டுவரும். பணிக்காலத்தில் கிருமிநாசினித் தொட்டியில் கால் நனைக்காமல் யாரையும் பண்ணைக்குள் விடமாட்டேன். அதற்காக ஒரு முதலாளியிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

மனிதருக்கு வருவது அபூர்வம், வந்தால் கடுமை. 1997-இல் ஹாங்காங்கில் 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். ஆளுக்கு ஆள் எளிதில் தொற்றுவதில்லை.

கோழி செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள்; கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். வீணாக்குவானேன் என்று குழம்பு வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அறுக்கும்போதுதான் ஆபத்து அதிகம். அப்புறம் காய்ச்சலோ கண் சிவப்போ மூச்சுத்திணறலோ வந்தால், மருத்துவரிடம் கோழி விஷயத்தை முதலில் சொல்லிவிடுங்கள்.