40 வெள்ளிச் சாப்பாட்டுக்கு 56 வெள்ளி பில்லா?

கேள்வி: சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் நண்பருடன் ஒரு பிரபலமான சீன டம்ப்ளிங் (பூரணம் வைத்து அவித்த கொழுக்கட்டை மாதிரி) உணவகத்தில் மதியம் சாப்பிட்டேன். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றுதான் இடம் கிடைத்தது. மெனு விலைப்படி 40 வெள்ளிக்குத்தான் (சிங்கப்பூர் டாலர்) சாப்பிட்டோம். பில்லோ 56 வெள்ளி 35 காசு. கேட்காத வேர்க்கடலைக்கும் ஈரத் துண்டுக்கும்கூடக் காசு. இது முறையா? இன்னொன்று, நான் பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை. கோழி டம்ப்ளிங்தான் வாங்கினேன். அதில் சந்தேகப்பட ஏதாவது இருக்கிறதா?

பதில்: பில்லையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. சாப்பாடு 40, தேநீர் இருவருக்கு 3, கடலை 3, ஈரத் துண்டு 1. ஆக 47 வெள்ளி. அதன்மேல் 10% சேவைக் கட்டணம் சேர்ந்து 51.70. அந்த மொத்தத்தின்மேல், அதாவது சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்து, 9% பொருள் சேவை வரி. வருவது 56.35. கணக்கில் தப்பில்லை.

மெனுவின் அடியில் பொடி எழுத்தில் ‘++’ என்று இருந்திருக்கும், பாருங்கள். முதல் பிளஸ் சேவைக் கட்டணம், இரண்டாவது வரி. மற்ற கடைகள் வரியையும் சேர்த்துத்தான் விலையைக் காட்ட வேண்டும். சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டும் விலக்கு. ஆனால் விலையோடு இவையும் சேரும் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். மனக்கணக்குக்கு ஒரு வழி: மெனு விலையோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். 40 என்றால் 48. சேவைக் கட்டணம் உணவகத்துக்குப் போகிற பணம். பரிமாறியவர் கைக்கு நேராகப் போகும் டிப்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள்.

கடலை, துண்டு விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம்தான். அந்தச் சின்னத் தட்டு உட்கார்ந்ததும் தானாக வந்து நிற்கும், நாமும் பேச்சுவாக்கில் நாலு கடலையை வாயில் போட்டுவிடுவோம். தொட்ட பிறகு வாதாடுவது கஷ்டம். வந்தவுடனே “இது வேண்டாம், எடுத்துவிடுங்கள்” என்று சொல்லலாம். தொடாமல் வைத்திருந்தும் பில்லில் ஏறியிருந்தால் நீக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள். நானே பலமுறை பிரிக்காத துண்டைக் காட்டி நீக்க வைத்திருக்கிறேன். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மறுத்தால் பில்லோடு சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் செய்யலாம். உங்கள் பில்லில் கடலை, துண்டு, தேநீர் மூன்றும் 7 வெள்ளிதான். வரியெல்லாம் ஏறி 8.39 ஆகிவிட்டது.

பணத்தைவிட இரண்டாவது கேள்விதான் முக்கியம். சியாவ்லொங்பாவ் என்கிற டம்ப்ளிங்கைக் கடித்தால் உள்ளிருந்து சூடான சாறு வரும். அந்தச் சாற்றை ஊற்றி மூடுவதில்லை. எலும்பையும் தோலையும் நீண்ட நேரம் கொதிக்க வைத்த சாறு ஆறினால் ஜெல்லி மாதிரி உறைந்துவிடும். அதை நறுக்கிப் பூரணத்தோடு கலந்து மாவில் வைத்து மடிப்பார்கள். மூங்கில் தட்டில் ஆவி ஏறும்போது அது உருகிச் சாறாகிறது. வழக்கமாக அந்த ஜெல்லிக்குப் பன்றித் தோல்தான். பூரணம் கோழியாக இருந்தாலும் சாறு எதிலிருந்து என்பது தனிக் கேள்வி. “கோழியா?” என்று கேட்டால் “ஆமாம்” என்பார்கள், அது பொய்யும் இல்லை. “உள்ளே இருக்கும் சாறு எதில் செய்தது? பன்றி சேர்கிறதா?” என்று கேளுங்கள். முயிஸ் என்கிற சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழ் மாட்டியிருக்கும் கடை என்றால் பன்றி பற்றிய கவலையே இல்லை. சைவ நண்பர்களை அழைத்துப் போனால் காய்கறி டம்ப்ளிங்கைத் தனித் தட்டில்தான் அவிக்கிறார்களா என்றும் விசாரித்துவிடுங்கள்.

வரிசையும் பிளஸ்ஸும் வேண்டாம் என்றால் சைனாடவுன் காம்ப்ளக்ஸ் உணவங்காடி நிலையத்திலேயே சியாவ்லொங்பாவ் கிடைக்கிறது. அங்கே சேவைக் கட்டணம் கிடையாது, ஈரத் துண்டும் கிடையாது. கைக்குட்டை கொண்டுபோங்கள். சாற்றைப் பற்றி அங்கேயும் கேட்டுவிட்டே வாங்குங்கள்.