விசுவாசி விழுந்தால்: கிருபையும் மன்னிப்பும் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். அழுது ஜெபிக்கிறேன், ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. இனி எந்த முகத்தோடு தேவனிடம் போவது?

பதில்: உங்கள் சகோதரன் ஒரே நாளில் ஏழு தரம் குற்றம் செய்து, ஏழு தரமும் மனஸ்தாபப்பட்டு வந்தால் மன்னியுங்கள் என்றார் இயேசு (லூக்கா 17:4). நம்மிடம் இதைக் கேட்டவர், தாம் அதற்குக் குறைவாகச் செய்வாரா? 1 யோவான் 2:1 விசுவாசிகளுக்கு எழுதப்பட்டது. அது சொல்கிறபடி பிதாவிடம் உங்களுக்காகப் பரிந்து பேசுகிற இயேசு, உங்கள் கண்ணீரை ஆதாரமாகக் காட்டுவதில்லை. தம்முடைய பலியைக் காட்டுகிறார். ஆகவே அழுகை குறைந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம்.

ஆனால் நீதிமொழிகள் 28:13 அறிக்கை செய்வதோடு 'விட்டுவிடுவதையும்' சேர்த்தே சொல்கிறது. கடைசியாக மூன்று முறை விழுந்ததை எழுதிப் பாருங்கள்: எந்த நேரம், யார் அருகில் இல்லை, கையில் என்ன இருந்தது, அதற்கு முன் கோபமா, களைப்பா? பெரும்பாலும் ஒரே வழி தெரியும். அந்த வழியை அடைத்துவிடுங்கள். முதிர்ந்த, வாய் காக்கத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி வையுங்கள் (யாக்கோபு 5:16); ஆண் ஆணிடமும் பெண் பெண்ணிடமும் சொல்வது நல்லது. பலர் தவறுவது விழுந்த பிறகுதான். வெட்கத்தால் நாலு நாள் ஜெபத்தை விட்டு ஒதுங்குவார்கள். அந்த இடைவெளியில்தான் அடுத்த விழுகை வருகிறது. விழுந்த அன்றே திரும்புங்கள்.

கேள்வி: பாவ அறிக்கையில் என்ன சொல்ல வேண்டும்? மறந்துபோனவற்றுக்கு என்ன செய்வது?

பதில்: "என் குறைகளை எல்லாம் மன்னியும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சுலபம், பயன் குறைவு. "இன்று அவரைப் பற்றி இல்லாததைச் சொன்னேன், பொறாமையால் சொன்னேன்" என்று செயலையும் காரணத்தையும் சொல்லுங்கள். "அவர் அப்படிப் பேசினதால்தான்" என்று ஆரம்பித்தால் அது வழக்காடல். பிறகு, அறிக்கை செய்தால் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9-ஐ நம்பி நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள். அறிக்கை செய்த அதே பாவத்துக்காக மாதக்கணக்கில் மன்னிப்புக் கேட்பது தாழ்மை போலத் தெரியும். உள்ளே இருப்பது அவநம்பிக்கை. மறந்தவற்றுக்குத் தாவீதின் ஜெபம் இருக்கிறது: மறைவான குற்றங்களுக்கு என்னை நீங்கலாக்கும் (சங்கீதம் 19:12).

கேள்வி: வேலை செய்த இடத்தில் பணம் எடுத்தேன். தேவனிடம் அறிக்கை செய்துவிட்டேன். திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

பதில்: ஆம். லேவியராகமம் 6:5-இன்படி, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். 10,000 எடுத்திருந்தால் 12,000. வரி வசூலிக்கிறவனான சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகக் கொடுக்க முன்வந்தான் (லூக்கா 19:8). இந்த விகிதம் இன்று நம்மேல் சட்டமாக இல்லை. ஆனாலும் எடுத்ததற்குக் குறையாமல் கொடுப்பதே நேர்மை. இதனால் மன்னிப்பை வாங்குகிறோம் என்று எண்ண வேண்டாம். இயேசு வீட்டுக்கு வந்த பிறகு சகேயுவின் கை தானாகத் திறந்தது, அவ்வளவுதான்.

முதலில் தொகையைக் கணக்கிட்டு எழுதுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் தவணை சொல்லுங்கள். வழக்கு வரக்கூடுமானால், போவதற்கு முன் போதகரிடமும் வழக்கறிஞரிடமும் பேசுங்கள். உரியவர் இறந்திருந்தால் அவருடைய உறவினருக்குக் கொடுங்கள் (எண்ணாகமம் 5:8). பெயர் போடாமல் உறையில் வைத்து அனுப்பலாமா என்று சிலர் கேட்பார்கள். உங்கள் பழியை வேறொரு ஊழியர் சுமந்திருந்தால் அது போதாது. அவருடைய பெயரையும் நீங்கள்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: பரிசுத்த ஆவியானவரைத் தூஷிக்கும் எண்ணங்கள் மனதில் ஓடுகின்றன. மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேனா?

பதில்: இல்லை, சகோதரி. மாற்கு 3:22-30-ஐ முழுதாக வாசியுங்கள். இயேசு பிசாசுகளைத் துரத்துவதைப் பிசாசுகளின் தலைவனான பெயல்செபூலின் வேலை என்று துணிந்து சொன்ன வேதபாரகருக்கு அந்த எச்சரிப்பு. அவர்கள் மன்னிப்பைத் தேடவே இல்லை. நீங்களோ வெறுக்கிற எண்ணத்துக்காக நடுங்குகிறீர்கள். எண்ணம் வந்ததும் அதோடு வாதாடாமல், ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல், கையிலுள்ள வேலையைத் தொடருங்கள். தூக்கம் கெடுகிற அளவுக்கு இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், வேண்டாத எண்ணம் விடாமல் திரும்பத் திரும்ப வரும் ஓ.சி.டி. என்ற நோய் இப்படியும் வரும், சிகிச்சை உண்டு. இதில் அவிசுவாசம் எதுவும் இல்லை.

கேள்வி: பயந்து, நான் கிறிஸ்தவன் இல்லை என்று சொல்லிவிட்டேன். சபை என்னைச் சேர்க்குமா?

பதில்: சபைக்கு இது பழைய கேள்வி. கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் டேசியஸ் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்று கட்டளையிட்டபோது பல விசுவாசிகள் பணிந்துபோனார்கள். அவர்களைத் திரும்பச் சேர்க்கவே கூடாது என்றார் ரோம் சபையின் மூப்பரான நொவேசியன். சபை அதை ஏற்கவில்லை. மனந்திரும்புதலைக் காட்ட ஒரு காலம் வைத்து, பிறகு சேர்த்துக்கொண்டது. பேதுருவின் காரியத்தில் இன்னும் ஒரு படி மேலே: அவன் மறுதலிக்கும் முன்பே இயேசு அவனுக்காக வேண்டிக்கொண்டார், திரும்பியபின் செய்ய வேண்டிய ஊழியத்தையும் சொல்லிவிட்டார் (லூக்கா 22:32). உங்கள் போதகரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: இப்படியெல்லாம் சொன்னால் ஜனங்கள் துணிந்து பாவம் செய்ய மாட்டார்களா?

பதில்: பவுலே எழுப்பிய கேள்வி: கிருபை பெருகும்படி பாவத்தில் நிலைநிற்கலாமா? கூடாதே என்றார். ரோமர் 6:1-2, தீத்து 2:11-12 இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். பாவத்துக்கு அனுமதிச் சீட்டாகக் கிருபையைத் தேடுகிறவன் இன்னும் அதை ருசிக்கவில்லை.

கேள்வி: இந்த வாரம் விழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் பங்குபெறலாமா?

பதில்: சோதித்தறிந்து 'புசியுங்கள்' என்கிறது 1 கொரிந்தியர் 11:28, சோதித்துவிட்டு ஒதுங்கிப் போங்கள் என்று இல்லை. கொரிந்துவில் பவுல் கண்டித்தது, ஏழைகள் பசித்திருக்கச் சிலர் குடித்து வெறித்ததை. சனிக்கிழமை இரவே அறிக்கை செய்யுங்கள். யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் ஒரு போன் செய்து பேசுங்கள். பிறகு போய்ப் பங்குபெறுங்கள். பாவத்தை விட மனமில்லாமல் இருந்தால் மட்டும், முதலில் போதகரோடு பேசுங்கள்.